வெயில் காட்டிய பனங்களி

எங்கள் நிலையத்துக்குப் போன மாதம் மின்சாரத்தில் ஓடும் உலர்த்தும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. தட்டுகளை உள்ளே வைத்துக் கதவை மூடி, சூட்டையும் நேரத்தையும் அழுத்திவிட்டால் போதுமாம். தானே காற்று அடித்து, தானே நின்று, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கடதாசியும் அடித்துத் தருமாம். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே வேலை செய்யும் தர்சினிதான் தொலைபேசியில் சொன்னாள்.

"அக்கா, மிஷின் எல்லாத்தையும் தானே எழுதுது. ஆனா மிஸ் பழைய படிவத்தின்ரை கடைசிக் கட்டத்தை மட்டும் வெட்டி, மிஷின் கடதாசியோடை ஒட்டச் சொல்லுறா. 'வேறு ஏதும் சொல்ல வேண்டியது' எண்டு இருக்குமே, அந்தக் கட்டம். மிஷினுக்குச் சொல்ல என்ன அக்கா இருக்கு? ஏன் எண்டு கேட்டால் பவளக்காவைக் கேள் எண்டு சிரிக்கிறா."

தொலைபேசியில் விளங்கப்படுத்த எனக்கு வரவில்லை. "எழுதித் தாறன் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் நிலையத்தை நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலரில் போடுவோம் என்றாள். அது எனக்கு இன்னும் வெட்கம். இருந்தாலும் ஒப்புக்கொண்டாயிற்று.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் கதைக்காத ஆள் என்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவள்தான் எனக்காக "வந்திருக்கிறா ரீச்சர்" என்று சொல்லுவாள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், கணிதம் பிழைத்துச் சித்தியடையவில்லை. போரில் இடம்பெயர்ந்து, திரும்பி எங்கள் தீவூரான வேலணைக்கு வந்து, சங்கம் உணவு பதனிடும் நிலையம் தொடங்கியபோது அதில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறு நாள் பயிற்சி தந்தார்கள். அதில் எனக்கு நினைவில் நிற்பது கை கழுவும் முறை மட்டும்தான். மற்றதெல்லாம் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலின் மாவிலும் முருங்கையிலையிலும் பனங்களியிலும் நின்று பழகியது.

நாங்கள் எட்டுப் பெண்கள். பத்து வருடம் எங்கள் போக்கில் வேலை செய்தோம். அதன் பிறகு சுகந்தி மிஸ் பொறுப்பாளராக வந்தார். உணவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை கண்டால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்துப் பிழை பெரிதா சிறிதா என்று நாங்கள் கணித்துக்கொள்வோம்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'பேந்து'. நாங்கள் எதற்கும் 'பிறகு' என்பதை அப்படித்தான் சொல்லுவோம்.

"பழத்தைக் கழுவினனாங்கள். பேந்து தோல் உரிச்சனாங்கள். பேந்து பிசைஞ்சனாங்கள்" என்று ரெஜினாக்கா ஒருநாள் சொன்னார். ரெஜினாக்கா ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். எங்களில் மூத்தவர், வாய்க்காரி.

"பேந்து எண்டால் எத்தினை மணி, ரெஜினாக்கா?"

"பேந்து எண்டால் பேந்துதான் மிஸ். சேர்ச் மணி அடிச்சோ பிசையுறது?"

மறுநாள் மிஸ் ஒரு சுவர் மணிக்கூடும் அச்சடித்த படிவக் கட்டும் கொண்டு வந்தார். பழம் வந்தது, கழுவியது, பிசைந்தது, கொதித்தது, பரப்பியது, புரட்டியது, எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மணி. நாங்கள் முதலில் சிரித்தோம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. வாய் திறக்காமல் வேலையைச் சொல்லிவிடலாம் அல்லவா.

பனங்களி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கழுவி, காம்பு இதழ்களைக் கழற்றி, கறுத்த தோலை உரித்து, தும்போடு இருக்கும் கொட்டையைக் கொஞ்சத் தண்ணீர் தெளித்துக் கையால் பிசைய வேண்டும். தும்புக்குள் இருந்து களி வழியும். துணியில் வடித்து, அடி பிடிக்காமல் காய்ச்சி, மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். வீட்டில் என்றால் பாயில் ஊற்றி வெயிலில் வைத்து, காய்ந்ததன் மேல் மறுபடி ஊற்றிப் பனாட்டாக்குவோம். நிலையத்தில் ஒரே படையாகத் தட்டில் பரப்பி, காய்ந்ததும் உரித்துத் தூளாக்குவோம். விரலால் அழுத்தினால் ரேகை பதியக்கூடாது. மூலையைப் பிடித்துத் தூக்கினால் முழுதாய் எழும்ப வேண்டும். அதுதான் பதம்.

மிஸ் வந்து செய்த பெரிய மாற்றம் நிழல் கொட்டில். மேலே ஓலை, சுற்றிவரக் கறுப்புத் துணியும் வலையும். வெயில் ஒரு சொட்டும் உள்ளே வராது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மட்டும் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். களியும் இலையும் அதற்குள்தான் காய வேண்டும் என்றார்.

சங்கத் தலைவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவர் முன்பு தெற்கில் புடைவைக் கடை வைத்திருந்து, வயதுபோன பிறகு ஊருக்கு வந்தவர். வாரத்துக்கு ஒருமுறை குடையோடு வந்து கொட்டில் வாசலில் நிற்பார்.

"பிள்ளை, தீவுப் பகுதியிலை ஆண்டவன் அள்ளிக் குடுத்தது ஒண்டே ஒண்டுதான், வெயில். அதைப் போய் மறைச்சுக் கட்டிப்போட்டு நிக்கிறீர்."

"ஐயா, வெயில் பட்டால் அந்த மஞ்சள் நிறம் போயிடும். நாங்கள் தேடுறது அந்த நிறத்துக்குள்ளைதான் இருக்கு" என்பார் மிஸ்.

மிஸ் தேடியது என்ன என்பதை எங்களுக்கு விளங்க வைத்தது ரெஜினாக்காவின் புருசன் சூசையண்ணையின் கழுத்து. அவர் ஒருநாள் மத்தியானம் மனைவிக்கு மீன் கொண்டு வந்தார்.

"சூசையண்ணை, எப்பன் அங்காலை திரும்புங்கோ" என்றார் மிஸ்.

"ஏன் மிஸ், விலை பேசப்போறியளோ?"

அவர் திரும்பினார். கழுத்தின் பின்புறம் வற்றிய குளத்துச் சேறு வெடித்தது போலக் கட்டம் கட்டமாகக் கோடுகள். மிஸ் சட்டைக் கொலரைக் கொஞ்சம் கீழே இழுத்துக் காட்டினார். அதற்குக் கீழே தோல் அழுத்தமாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது.

"பாருங்கோ, ஒரே ஆள். கீழை வயது செய்தது, மேலை வெயில் செய்தது. வெயில் தோல் கலங்களை, அதுதான் உயிரணுக்களை, சேதப்படுத்தித்தான் இந்தக் கோடெல்லாம் வாறது. சில சாப்பாட்டுச் சாமான்களிலை இருக்கிற சத்து அந்தச் சேதத்தைக் குறைக்குதோ எண்டுதான் பாக்கிறம்."

"அப்ப உந்தக் களியைத் திண்டால் என்ரை கழுத்து மேலையும் கீழையும் ஒண்டாகுமோ?"

"கழுத்து சரிவந்தாலும் மூஞ்சையை என்ன செய்யிறது?" என்றார் ரெஜினாக்கா.

எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரிக்காமல் பதில் சொன்னார். "தெரியாது அண்ணை. ஆய்வுகூடத்திலை ஒரு தட்டுக்குள்ளை தோல் கலத்தை வளர்த்து, அரைவாசிக்கு எங்கட களியின்ரை சாறு விட்டு, அரைவாசிக்கு விடாமல், வெயில் மாதிரி ஒரு விளக்கைப் பிடிச்சுப் பாப்பினம். தட்டுக்குள்ளை நடக்கிறது உங்கட கழுத்திலையும் நடக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள் தொப்பியைப் போடுங்கோ."

அந்த வருடம் ஆவணியில் முதல் மாதிரி போனது. முருங்கையிலை, வல்லாரை, பனங்களி என்று மூன்று பொதி. மிஸ்ஸோடு படித்த ஒருவர் தெற்கில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தார். அவர்தான் சோதித்தார். மூன்றிலும் பனங்களி விட்ட கலங்கள்தான் விளக்கைக் கூடுதலாகத் தாங்கி நின்றன என்று பதில் வந்தது. மிஸ் அதை எங்களுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

"ஆனா ஒருக்கா வந்தது தற்செயலா இருக்கலாம். வேறை பழத்திலை, வேறை நாளிலை செய்து ரெண்டாந்தரமும் வந்தால்தான் நம்பலாம்."

தலைவரும் அதையே பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறையும் சரிவந்தால் கொட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஐப்பசிக் கூட்டத்தோடு கொட்டிலைப் பிரித்து அந்த இடத்தைக் களஞ்சியமாக்கி வாடகைக்கு விடுவது என்று சங்கம் முடிவெடுத்தது. வெயிலில் காயப்போட எட்டுப் பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். மிஸ் தேவையே இல்லை. இதைத் தலைவர் மறைக்காமல் எங்களுக்கு முன்னாலேயே சொன்னார்.

இரண்டாவது மாதிரிக்கான களியைப் புரட்டாசிக் கடைசியில் காய்ச்சினோம். பரப்பிய அன்றே மிஸ் மூன்று நாள் கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை சோளகம் நின்றது. வலை அசையவில்லை. கொட்டிலுக்குள் ஈரச் சாக்கு மணம். தட்டில் விரல் வைத்தால் ரேகை ஆழமாகப் பதிந்தது. இப்படியே இன்னொரு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது.

எங்கள் பகுதியில் எதையும் தகரப் பேணிக்குள் போடுவதற்கு முன் அதற்கு ஒரு வெயில் காட்டுவோம். மிளகாய், மல்லி, அரிசி மா, ஒடியல், புழுக்கொடியல், தலையணை, பெட்டிக்குள் கிடந்த கூறைச்சேலை, எதுவானாலும் ஒரு வெயில். அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தோன்றாது. கூட்டியபின் தும்புக்கட்டையைச் சாத்தி வைப்பது மாதிரி, கை தானாகச் செய்யும்.

"ரெஜினாக்கா, தட்டுகளுக்கு ஒரு வெயில் காட்டுவமோ?"

"பின்னை என்ன, பூஞ்சணம் பிடிக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதோ? அந்தப் பக்கத்தைப் பிடியும்."

இருவருமாகத் தட்டுகளை முற்றத்துச் சீமெந்துத் தளத்துக்குத் தூக்கினோம். முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம். மறுநாளும் அப்படியே. களி நன்றாகக் காய்ந்தது. உரிக்கும்போது கொஞ்சம் வெளிறியிருந்ததைக் கண்டேன். காய்ந்தால் வெளிறும்தானே என்று நினைத்தேன். படிவத்தில் 'பரப்பியது', 'புரட்டியது', 'எடுத்தது' எல்லாவற்றுக்கும் மணி எழுதினேன். வெயில் காட்டியதற்குக் கட்டம் இருக்கவில்லை. அதனால் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று பல நாள் என்னை நானே கேட்டிருக்கிறேன். இல்லை. அது எழுத வேண்டிய விசயம் என்றே எனக்குப் படவில்லை.

மிஸ் வந்து தட்டுகளைப் பார்த்து, "காற்று நிண்டும் நல்லா எடுத்திருக்கிறியள், பவளக்கா" என்று மெச்சினார். பொதி போனது.

ஐப்பசிக் கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பதில் வந்தது. அன்று ஞாயிறு. திங்கள் காலை மிஸ் வந்து கதிரையில் அமர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரிவரேல்லை. எங்கட களி விட்ட கலமும் விடாத கலமும் ஏறக்குறைய ஒண்டு மாதிரித்தான் செத்திருக்கு."

 அன்று முழுவதும் மிஸ் இரண்டு தொகுதியின் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். பின்னேரம் எங்களிடம் வந்து சொன்னார். "பிழை என்ரைதான் போல. ரெண்டாந்தரம் பன்னிரண்டு நிமிசம் கூடக் காய்ச்சியிருக்கிறம். நான்தான் பக்கத்திலை நிண்டனான். அதிலை பழுதாப் போயிருக்கலாம். அல்லது முதல் வந்ததே தற்செயலா இருக்கலாம். கூட்டத்திலை உள்ளதைச் சொல்லுவன்."

செவ்வாய்க்கிழமை நான் பேணிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் தொகுதியில் மிஞ்சிய களித் தாள் ஒரு பேணியில் இருந்தது. இரண்டாம் தொகுதியில் மிஞ்சியது இன்னொன்றில். இரண்டையும் திறந்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. ஒன்று நல்ல பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். மற்றது வைக்கோல் நிறம்.

நாங்கள் தேடுறது அந்த நிறத்துக்குள்ளைதான் இருக்கு என்று மிஸ் தலைவருக்குச் சொன்னதை எத்தனை முறை கேட்டிருப்பேன். அந்த நேரம்தான் அது எனக்குச் சொன்னதாகக் கேட்டது. 

ரெஜினாக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தாளையும் பார்த்தார். பிறகு பேணி இரண்டையும் மூடினார்.

"வாயை மூடிக்கொண்டிரும் பவளம். சொன்னால் முதல்லை உமக்கு வேலை போகும். அடுத்தது தட்டுத் தூக்கின எனக்குப் போகும்."

"சொல்லாட்டி ஆறு பேருக்குப் போகுமே அக்கா. மிஸ்ஸுக்கும் போகும். அவ தன்ரை பிழை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

ரெஜினாக்கா பேணிகளை என் பக்கம் தள்ளினார். "அப்ப போய்ச் சொல்லும். ஆனா நீர் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை கூட்டம் முடிஞ்சிடும்."

அவர் சொன்னது சரி. புதன்கிழமை காலை மிஸ்ஸின் அறை வாசலுக்கு மூன்று முறை போனேன். முதல்முறை மிஸ் நிமிர்ந்து பார்த்ததும் தும்புக்கட்டையை எடுக்க வந்தது போல எடுத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் முறை அதைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் முறை, "மிஸ், தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன். குடித்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். இரண்டாம் தொகுதியின் படிவம் மேசையில் கிடந்தது. மிஸ் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, அதன் அடியில், கட்டமில்லாத வெறும் இடத்தில் எழுதினேன்.

"காற்று நின்றபடியால் இரண்டு நாளும் 11.40 தொடக்கம் 1.10 வரை முற்றத்தில் வெயில் காட்டினேன். பவளம்."

எழுதிவிட்டு வெளியே போய் கிணற்றுக் கட்டில் நின்றேன்.  வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"பவளக்கா!"

போனேன். மிஸ் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பதினொண்டு நாப்பது எண்டு எப்பிடித் தெரியும்?"

"குறிகாட்டுவான் படகுத்துறைக்குப் போற பஸ் போனது மிஸ். நயினாதீவுக்குப் போற சனம் நிறைய நிண்டது. மணிக்கூட்டையும் பாத்தனான்."

"ஒண்டு பத்து?"

"சாப்பிட்டு எழும்பி எடுத்தனாங்கள். அப்பவும் பாத்தனான்."

மிஸ் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

"முதல் தொகுதிக்கும் வெயில் காட்டினனீங்களோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, முதல் மாதிரிக்கும் காட்டியிருந்தால் எல்லாமே குழம்பிவிடும் என்று. அந்த வாரத்தை ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். மிஸ் அவசரப்படுத்தவில்லை.

"இல்லை மிஸ். அப்ப சோளகம் தட்டைத் தூக்கி எறியிற மாதிரி அடிச்சது. ரெண்டு நாளிலை காய்ஞ்சிட்டுது. வெயில் காட்டத் தேவை வரேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வடிவா யோசிச்சிட்டன் மிஸ். தட்டு பறக்காமல் கல்லு வைச்சது நான்."

மிஸ் கதிரையில் சாய்ந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதன் பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அந்தப் பன்னிரண்டு நிமிசம் இல்லை. மூண்டு நாளா நித்திரை இல்லை பவளக்கா. ஒரு காரணமும் தெரியாமல் பிழையாப் போறதைப் போலை ஒரு கரைச்சல் இல்லை."

"என்னை நிப்பாட்டப்போறியளோ மிஸ்?"

"உங்களையோ? படிவத்திலை கட்டம் போடாமல் விட்டது நான். நீங்கள் எங்கை எழுதுறது?"

வெள்ளிக்கிழமை கூட்டம். எட்டுப் பேரும் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மிஸ் இரண்டு களித் தாளையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். யார் செய்தது என்று சொல்லவில்லை. "கொட்டிலுக்குள்ளை காய்ஞ்சது இது. காற்று நிண்டபடியால் வெயில் பட்டது இது" என்று மட்டும் சொன்னார்.

தலைவர் கேட்டார், "ஆர் வெயிலிலை போட்டது?"

மிஸ் வாய் திறப்பதற்குள் நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "நான்" என்று சொன்னேன். அது யாருக்கும் கேட்டிருக்காது.

"ஆர்?"

"பவளம் எண்டு சொல்லுறா" என்றார் ரெஜினாக்கா. பிறகு தானும் எழும்பினார். "தட்டின்ரை மற்றப் பக்கத்தைப் பிடிச்சது நான். பேந்து என்னை விட்டிட்டு எழுதிப்போடாதையுங்கோ."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் இரண்டு தாளையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். மனிதர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கடையிலை கண்ணாடிக்குள்ளை காட்சிக்குச் சீலை தொங்கவிடுவன்" என்றார். எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லை. "வெயில் விழுற பக்கம். மாதத்துக்கு ஒருக்கா மாத்தாட்டி மடிப்புக்கு வெளியிலை ஒரு நிறம், உள்ளுக்கு ஒரு நிறம். எத்தினை சீலையை அப்பிடிப் பழுதாக்கி அரை விலைக்குக் குடுத்திருக்கிறன். இதை நீர் முதல்லை சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"சொன்னனான் ஐயா. நிறம் போகும் எண்டு வாராவாரம் சொன்னனான்."

"நிறம் எண்டனீர். சீலை எண்டு சொல்லேல்லையே."

இன்னொரு முறை சோதிக்கச் சங்கம் இடம் கொடுத்தது. மிஸ் குளிரூட்டியில் இரண்டு வாளிக் களி எடுத்து வைத்திருந்தார். மழை தொடங்க முன் முடிக்க வேண்டும். ஒரே வாளிக் களி, ஒரே நாள், ஒரே தடிப்பு. அரைவாசித் தட்டு கொட்டிலுக்குள். மற்ற அரைவாசிக்கு, மிஸ்ஸின் சொல்படியே, நான் முன்பு காட்டியது போல 11.40 தொடக்கம் 1.10 வரை இரண்டு வெயில். இந்த முறை குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று மணி பார்த்தேன். காற்றுப் போதாமல் போகுமோ என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, தலைவர் தன் வீட்டு மின்விசிறி இரண்டையும் முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பினார். "திருப்பித் தரேக்கை தூசி தட்டித் தரவேணும்" என்று சாரதியிடம் சொல்லிவிட்டிருந்தார்.

மாரி தொடங்கிப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பதில் வந்தது. மிஸ் அதை வாசிக்காமல் என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் வாசிப்பது எனக்குப் பெரிய தண்டனை. அன்றைக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. நிழலில் காய்ந்த களி முதல்முறை போலவே கலங்களைத் தாங்கி நின்றது. வெயில் காட்டியது தாங்கவில்லை. வெயிலை மறிக்க வேண்டியதையே நாங்கள் வெயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அதில் எழுதியிருக்கவில்லை, ஆனால் வாசித்துக்கொண்டு போக எனக்கு அது விளங்கியது. ரெஜினாக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் கடதாசியை மடித்து மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அத்தனை நாளும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் அங்கேதான் இறங்கியது.

கொட்டில் நின்றது. எட்டுப் பேரும் நின்றோம். பொதியில் தோலைப் பற்றி ஏதாவது எழுதினால் நல்லாய் விற்குமே என்று தலைவர் கேட்டார். மிஸ் மறுத்துவிட்டார். தட்டுக்குள் நடந்ததை மனிதரில் நடந்ததாக எழுத முடியாது, அதற்கு இன்னும் நிறையப் பேர் நிறைய வருடம் பார்க்க வேண்டும் என்றார். 'நிழலில் உலர்த்தியது' என்று மட்டும்தான் இன்றைக்கும் இருக்கிறது. சூசையண்ணைக்கு ரெஜினாக்கா ஒரு பெரிய ஓலைத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். களியும் தின்கிறார், தொப்பியும் போடுகிறார். கழுத்து அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் வந்த புதுப் படிவத்தில் எல்லாக் கட்டங்களுக்கும் கீழே நீளமாக ஒன்று இருந்தது. வேறு ஏதும் சொல்ல வேண்டியது. மிஸ் படிவத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கட்டத்துக்குள் எத்தனையோ எழுதியிருக்கிறோம். 'பூனை உள்ளே வந்தது, தட்டில் ஏறவில்லை.' 'மூன்றாவது வாளிப் பழம் கொஞ்சம் கசந்தது.' 'எனக்குத் தடிமன், தும்மல், நான் பிசையவில்லை.' ரெஜினாக்கா ஒருநாள், 'மிஸ் இன்று சிரிக்கவில்லை' என்று எழுதி, மிஸ் அதற்குக் கீழே 'பல் வலி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எனக்கு அந்தக் கட்டம் எவ்வளவு உதவியது என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் வாயால் சொல்வதை நான் அதில் எழுதினேன். எழுதி எழுதி, கடைசி வருடங்களில் சிலதை வாயாலும் சொன்னேன்.

தர்சினி, மிஷினுக்குச் சொல்ல ஒன்றுமில்லைத்தான். கதவைத் திறந்து தட்டை வைப்பதும் எடுப்பதும் உங்கள் கை. அந்தக் கைக்கு என்னென்ன பழக்கம் இருக்கிறது என்று கைக்கே தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கட்டம்.

போன மாசியில் என் கடைசி நாள். அன்று முருங்கையிலைதான் காய்ந்தது. மணியெல்லாம் எழுதி முடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். மிஸ் பக்கத்தில் நின்றார், நான் ஏதோ பெரிதாக எழுதப்போகிறேன் என்று. யோசித்துப் பார்த்தேன். காற்று இருந்தது. வெயில் படவில்லை. ஒருவருக்கும் மறைத்து ஒன்றும் செய்யவில்லை.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.